நவம்பர் மழையும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸும்

(சென்னையில் ஒரு கல்லூரியின் விஸ்காம், இதழியல் மாணவர்களிடம் பேசியது. பேச்சில் இருந்த இழுவையை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். 'பென்ஷன் துறையில் தகவல் தொடர்பு வேலை' என்ற தலைப்பைப் பார்த்ததுமே பாதிப் பேர் கேன்டீனுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏசி ஓடுவதால்கூட இருக்கலாம்.

நானும் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. விளம்பர கம்பெனிக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. 23 வயதில், மற்ற கம்பெனிகளின் பி.எஃப்., பென்ஷன் கணக்குகளைப் பார்த்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். கடிதம், எஸ்.எம்.எஸ்., நோட்டீஸ் எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

முதல் நவம்பர் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு உயிர்வாழ்வுச் சான்று, அதாவது இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷாவருஷம் காட்டும் சான்று பற்றி நினைவூட்டச் சொன்னார்கள். "நவம்பர் 30-க்குள் உயிர்வாழ்வுச் சான்று சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படும்" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

ஆனால் அந்த நவம்பர் மாதக் கணக்கு மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் போன்றவர்களுக்குத்தான். தனியார் கம்பெனி ஊழியர்களுக்கான 1995-ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டமான இ.பி.எஸ். 95-இல், பி.எஃப். அலுவலகத்திடமிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்தில் எந்த மாதமும் சான்று கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குச் செல்லும். என் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் இ.பி.எஸ். ஆட்கள். அது எனக்குத் தெரியாது. சரிபார்த்து அனுப்ப வேண்டியவர்களும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சென்னை நவம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், தெருவில் முழங்கால் தண்ணீர், எங்கள் அலுவலகப் படிக்கட்டில் வயசானவர்கள் குடையும் கையுமாக நிற்கிறார்கள். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பேங்க் பாஸ்புக், ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மா, ஏற்றுமதி ஆடை கம்பெனியில் வருஷக்கணக்கில் தைத்தவர், விரலைக் காட்டினார். ரேகை தேய்ந்துபோய், ஜூலையில் சான்று கொடுக்கும்போது கைரேகை மெஷின் நாலு தடவை எடுக்காமல் ஐந்தாவது தடவைதான் எடுத்ததாம். "உயிரோடதான் இருக்கேன்னு ஜூலையிலேயே சொல்லிட்டேனேம்மா, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு வருவது 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச பென்ஷன், மாதம் 1,000 ரூபாய். திரும்பிப் போக ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் ஆளுக்கு ஆள் தேதி போட்டு அனுப்பினோம். "உங்கள் சான்று ஜூலை 14 அன்று பதிவாகிவிட்டது. அடுத்த ஜூலை வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்." எதுவும் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி எழுத வைக்க நான் பட்ட பாடு! சட்டம் பார்ப்பவர் ஆட்சேபித்தார், கணினிப் பிரிவு ஒவ்வொருவர் தேதியையும் எடுப்பது கஷ்டம் என்றது. மூன்று மாதம் பின்னாலேயே அலைந்தேன். இந்த வேலையில் எழுதுவது கால்வாசி, மீதி இப்படி ஆள் ஆளாகப் போய் நிற்பதுதான்.

சரி, கிழவர்களுக்கு மட்டும் எழுதுகிற வேலையா என்றால், இல்லை. உங்கள் சீனியர் யாராவது ஐ.டி. கம்பெனியில் சேர்ந்திருந்தால் பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பென்ஷன் என்று ஒரு கட்டம் தனியாக இருக்கும், அதில் வட்டியே ஏறாது. 'என் காசை யாரோ அடித்துவிட்டார்கள்' என்று எனக்கு வாரத்துக்கு இரண்டு மெயிலாவது வரும். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் அளவுக்குக் கம்பெனி போடுகிறது, அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. அதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000. அதனால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு மாதம் 1,250 ரூபாயில் நின்றுவிடும். அது உங்கள் உண்டியல் கிடையாது, பொதுப் பானை. அந்த வரம்புக்கு உட்பட்ட சம்பளத்தை வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதுதான் மாத பென்ஷன். 15,000 சம்பளத்தில் பத்து வருஷம் என்றால் 2,142 ரூபாய்.

பத்து வருஷம் ஆகாவிட்டால் மாத பென்ஷன் கிடையாது. இங்கேதான் பசங்க கோட்டை விடுகிறார்கள். நாலு வருஷம் ஒரு இடம், வேலை மாறும்போது கிடைப்பது லாபம் என்று 10சி என்ற படிவம் போட்டு அந்தப் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுவார்கள், அந்த நாலு வருஷமும் கணக்கிலிருந்து போய்விடும். அப்புறம் ஒரு மூன்று, இன்னொரு மூன்று. எடுக்காமல் மாற்றிக்கொண்டே வந்திருந்தால் பத்து. சுற்றறிக்கையில் இது இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? நாலு, மூன்று, மூன்று என்று ஒரு பையனின் கதையாகப் போட்டேன். அன்றைக்கு மட்டும் என் இன்பாக்ஸ் நிரம்பியது.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனங்களில் ஒன்றான கேம்ஸுக்கு நம் ஊரில்தான் தலைமையகம். வங்கிகள், பெரிய கம்பெனிகளின் ஹெச்.ஆர். பிரிவுகள், ஊழியர் நலத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஓர் ஆள் தேவை. 2009-இல் என்.பி.எஸ்.ஸை எல்லாருக்கும் திறந்தார்கள், 2015-இல் அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான அடல் பென்ஷன் யோஜனா வந்தது. இப்போது பூக்கடை அக்காவுக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். நல்ல தமிழ் எழுதுபவர்களுக்குப் போட்டி குறைவு, இதை வெளியே சொல்லாதீர்கள்.

பென்ஷன் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்து, புரியாத வார்த்தையை எல்லாம் எழுதுங்கள். ஆறே மாதத்தில் 'நியமனதாரர்' (நாமினி) என்பது உங்களுக்கும் சாதாரண வார்த்தை ஆகிவிடும், படிக்கிறவருக்கு ஆகாது. எனக்கு எழுதுவதில் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் அந்தப் பழைய நோட்டைத்தான் எடுக்கிறேன். முதல் பக்கத்தில் இருக்கும் முதல் வார்த்தை, உயிர்வாழ்வுச் சான்று.

அவ்வளவுதான். மைக்கை அந்தப் பின்வரிசைக்குக் கொடுங்கள், அந்தத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.