முடவன் முழுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மாயவரம். ஐப்பசி மாதம் முழுக்கத் துலாக்கட்டத்தில் காவேரி ஸ்நானம் நடக்கும். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க மாட்டாத ஒருவர் ஐப்பசிக்குள் வந்து சேர முடியாமல் ஒரு நாள் பிந்திவிட்டாராம். அவருக்காக சுவாமி ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். புத்தக விஷயத்தில் நானும் முடவன் முழுக்குக்காரன்தான். ஊரெல்லாம் படித்து முடித்த பிறகுதான் என் கைக்குப் புத்தகம் வரும். இன்று நான் பேசப்போகிற மூன்றும் அப்படிப் பிந்திப் படித்தவை.

ரயில்வேயில் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான். அட்டை டிக்கெட்டை மெஷினில் செருகித் தேதி அடித்த காலத்திலிருந்து பழக்கம். எத்தனையோ ஊர்களுக்கு மற்றவர்களை அனுப்பியிருக்கிறேன். நான் போன ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் பயண நூல் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமை கலந்த ஆசை. படிக்கும்போது பழைய புத்தி போகாது. எங்கிருந்து எங்கே, போக மட்டுமா, போக வரவா என்று கவுண்டர் கேள்விகளையே புத்தகத்திடமும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதலில் ‘நடந்தாய் வாழி, காவேரி’. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதியது, 1971இல் வந்தது. தலைப்பு சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலிருந்து. குடகில் தலைக்காவேரியில் பிறக்கிற நதியோடு பூம்புகார் வரை வருகிறார்கள். இரண்டு பேர் எழுதிய புத்தகத்தில் எந்த வரி யாருடையது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்று வருகிற இடமெல்லாம் ஜானகிராமன், கல்வெட்டு வருகிற இடமெல்லாம் சிட்டி என்று ஒரு கணக்குப் போட்டேன். சில பக்கங்களிலேயே கணக்கு உதைத்தது.

காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தப் புத்தகம் ஒரு விதத்தில் அவமானம். நான் பார்த்தது ஆற்றின் வால் மட்டும்தான். மேகேதாட்டில் அத்தனை பெரிய நதி பாறைக்கு நடுவே ஒரு சந்தாகச் சுருங்கிப் போவதையும், சிவசமுத்திரத்தில் இரண்டாகப் பிரிந்து விழுவதையும் நான் எழுத்தில்தான் பார்த்தேன். கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது 1902இல் அந்த அருவியிலிருந்துதான். இவ்வளவு வேலை பார்த்துவிட்டு வருகிற ஆறு, எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வரும்போது ரிட்டயரான ஆள் மாதிரி மெதுவாக வருவதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் வரலாறு கூடிப்போகிறது. ஒரு கோயிலுக்குள் நுழைந்தால் நாலு பக்கம் வெளியே வருவதில்லை. நான் அங்கெல்லாம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். ஆனால் ஒன்று. கபினி அணை 1974இலும், ஹேமாவதி அணை அதற்குப் பிறகும்தான் கட்டி முடிந்தன. அவை வருவதற்கு முந்திய காவேரி இந்தப் புத்தகத்தில் ஓடுகிறது. இன்று ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் டி.எம்.சி. வந்துவிடும். இவர்கள் இருவரும் தண்ணீரைத் தண்ணீராகப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். அதற்காகவே இன்னொரு முறை படிக்கலாம்.

அடுத்தது ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உலகம் சுற்றிய கதை. 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற சமாரியா என்ற கப்பல். அன்று காந்தி பிறந்த நாள். கப்பல் தளத்தில் இருந்த செட்டியாருக்கு இந்த யோசனை வருகிறது. அவருக்கு அப்போது 26 வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு தேசம் தேசமாக அலைந்து, யார் யாரோ எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடிச் சேர்க்கிறார். ஏறக்குறைய 50,000 அடி படச்சுருள். 1940இல் படம் வெளிவருகிறது.

இவ்வளவையும் செய்தவர் புத்தகத்தில் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள். பார்த்தேன், கேட்டேன், கிடைத்தது, கிடைக்கவில்லை. பசித்ததா, குளிரில் நடுங்கினாரா, ஊர் ஞாபகம் வந்ததா? மூச்சு விட மாட்டார். இன்றைக்கு ஒருவர் கொடைக்கானல் போய்வந்தால் நானூறு போட்டோ, அதில் முன்னூற்றெண்பதில் அவரே நிற்கிறார். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் செட்டியாரின் அடக்கம் முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. பாதிக்கு மேல் கொஞ்சம் ஏக்கமாகவும் ஆகிவிட்டது. மனுஷர் ஒரே ஒரு இடத்திலாவது அலுத்துக்கொள்ளக் கூடாதா?

அந்த ஏக்கத்தோடுதான் மூன்றாவது புத்தகத்துக்கு வந்தேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இது நாவல். செட்டியாரின் ஊர் கோட்டையூர், சிங்காரத்தின் ஊர் சிங்கம்புணரி. இரண்டும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில்தான். செட்டியார் உலகத்தைப் பார்க்கப் போனார். சிங்காரம் 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவில் இருக்கிற மெடான் நகரத்துக்குப் பிழைக்கப் போனார். போருக்குப் பிறகு திரும்பி வந்து, மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்துத் தனியாளாகவே வாழ்ந்து 1997இல் காலமானார். எழுதியது இரண்டே நாவல்கள். முதல் நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. இரண்டாவதான இதற்குப் பல வருஷம் பதிப்பாளரே கிடைக்கவில்லை. ஒரு வழியாக 1972இல் வந்தது.

முதல் ஐம்பது பக்கம் கஷ்டம். அதை மறைக்க மாட்டேன். கெர்க் ஸ்ட்ராட், மொஸ்கி ஸ்ட்ராட் என்று டச்சுக்காரன் வைத்த தெருப் பெயர்கள். மலாய்ச் சொல், சீனப் பெயர், நடுவில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று செட்டிமார் வட்டிக்கடைப் பாஷை. யாரும் எதையும் விளக்குவதில்லை. புது ஊரில் ரயிலிலிருந்து இறங்கி, போர்டு படிக்கத் தெரியாமல் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளின் கதிதான் நமக்கும். பிறகு புரிந்தது, கதாநாயகன் பாண்டியன் வந்து இறங்கியதும் இப்படித்தானே? ஜப்பான் படை மெடானுக்குள் நுழைகிறது, ஊர் கொள்ளை போகிறது, கொள்ளையடித்தவர்களின் தலை சந்தையில் காட்சிக்கு வைக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் கணக்குப்பிள்ளைகள் வட்டி விகிதமும் வசூலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போர் என்றால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்ப வைத்தது அந்தப் பேச்சுதான்.

பாண்டியனும் இன்னும் சிலரும் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பினாங்குக்குத் தொங்கானில் போகிறார்கள். தொங்கான் என்றால் மரக்கலம். வழியில் புயல். அந்தப் பக்கங்களில் வாக்கியம் உடைகிறது, சொற்கள் அலை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. கடலையே அதிகம் பார்க்காத நான் ஈசிச்சேரின் கையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அப்புறம் பினாங்கு, நேதாஜியின் படை என்று கதை எங்கெங்கோ போகிறது. தமிழ்ப் பெருமையைக் கேலி செய்கிற பக்கங்களும் உண்டு. சில நீளம்தான். சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடத்தை. பாண்டியன் அந்நிய ஊரில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிற இடம். கடை கடையாக, ஆள் ஆளாக, மூலை மூலையாக மனசுக்குள் நடக்கிறான். செட்டியாரிடம் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். பார்க்கிற ஊருக்குப் பின்னால் விட்டுவந்த ஊர் ஒன்று நின்றுகொண்டிருப்பது. ஆகவே என் கணக்கில் இந்த மூன்றில் சிறந்த பயண நூல் இந்த நாவல்தான். மற்ற இரண்டிலும் போனவர்கள் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது, அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். பாண்டியன் விஷயத்தில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

என் மனைவி மதுரைக்காரர். அந்த மதுரைப் பக்கங்களை ஒரு மத்தியானம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். வாசித்து முடித்ததும், “ஏங்க, எங்க பெரிய தாத்தா பினாங்குல இருந்தவர் தெரியும்ல?” என்றார்.

“சொல்லியிருக்கே.”

“கடைசிக் காலத்துல ஊரோட வந்துட்டார். திண்ணையில உக்காந்துக்கிட்டு அந்த ஊர்த் தெருப் பேரையெல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டே இருப்பார். யார் கடை எங்க, எந்தத் திருப்பத்துல என்னன்னு. நாங்க பிள்ளைங்க சிரிப்போம்.”

ஒரு தெருப் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை.

வணக்கம்.