கதவில் கைவைத்து நிற்கும் கிழவி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் என் வணக்கம். (ஒதுக்கிவைத்திருக்க மாட்டீர்கள், முடித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்பதை அறிவேன்.)

எழுதும் பெண்ணுக்குக் குடும்பம் துணையா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. சுமையே என்று வாதிட வந்திருப்பதால் என்னைப் பிள்ளைகளை வெறுப்பவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நெல்மூட்டையைச் சுமை என்று சொல்பவன் சோற்றை வெறுப்பவன் ஆகிவிடமாட்டான்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் ஆஷாபூர்ணா தேவியைச் சாட்சிக்கு அழைத்தார். பள்ளிக்கூடமே போகாத அந்த வங்காள இல்லத்தரசி, மனைவியாகவும் தாயாகவும் இருந்தபடியே எழுதி, 1976-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்று, அவ்விருதின் முதல் பெண்ணாகவும் ஆனார் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் சாட்சியை அழைத்தவர் சாட்சியின் வாக்குமூலத்தையும் படித்திருக்க வேண்டாமா? 'பிரதம் பிரதிசுருதி'யில் தொடங்கும் அவருடைய மூன்று நாவல்களில் இரண்டாவதன் நாயகி சுவர்ணலதா, தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சுக்குக் கொடுக்கிறாள்; பிழைகள் மலிந்து வந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்து வீட்டார் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்; அவளோ பிரதிகள் அனைத்தையும் தீயிலிட்டுவிடுகிறாள். மூன்றாம் நாவலில் அவளுடைய மகள் பகுல் பெயர்பெற்ற எழுத்தாளராக வருகிறாள். அந்தப் பகுலுக்கு ஆஷாபூர்ணா திருமணமே செய்துவைக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தே எழுதி வென்ற ஒருவர், தாம் படைத்த எழுத்தாளரை மட்டும் ஏன் மணமாகாதவளாக வைத்தார் என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணியினர் விளக்கட்டும்.

நேரமில்லை என்பது சோம்பேறிகளின் சாக்கு என்றும் சொல்லப்பட்டது. பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு கொஞ்சம், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை கொஞ்சம், மாமியார் கண்ணயரும் வேளையில் கொஞ்சம் என்று தோழர் நமக்காக நேரத்தைக் கூட்டிக் காட்டினார். பத்து நிமிடங்கள் பதினெட்டைக் கூட்டினால் கணக்கில் மூன்று மணி நேரம் வரும், எழுத்தில் வராது. என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு கதையில், யாரோ கதவைத் தட்ட, கூடத்தில் படுத்திருந்த கிழவி எழுந்து கதவைத் திறக்கப் போகிறாள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். சின்னவன் வந்து, நாளைக்குப் பள்ளிக்குச் சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்றான். கடைக்குப் போய்த் திரும்பி, இரவுச் சமையலை முடித்து, மறுநாளுக்கு மாவாட்டி வைத்துவிட்டுப் பதினோரு மணிக்குத் தாளை எடுத்தால், கதவுக்கு வெளியே நின்றது யார் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் கிழவி நான்கு ஆண்டுகளாகக் கதவில் கைவைத்தபடியே நிற்கிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். அந்த 97 நிமிடமும் வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். நம் ஆண் எழுத்தாளர்களின் முன்னுரைகளைப் புரட்டிப் பாருங்கள். எழுதும்போது இடையூறு வராமல் காத்த மனைவிக்கு நன்றி சொல்லும் வரி பலவற்றில் இருக்கும். எது இடையூறு என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதியபோதும், மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்' எழுதியபோதும், அந்த மக்களிடையே நேரில் சென்று, பழகி, அவர்களுடைய பேச்சைக் காதால் கேட்டு எழுதினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதுதான் காரணம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால், அரையாண்டுத் தேர்வு எழுதும் பிள்ளையை விட்டுவிட்டுத் தூத்துக்குடி உப்பளத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு தாய் சொன்னால், வீடு என்ன பதில் சொல்லும் என்பது இந்த அரங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இருந்த இடத்திலிருந்தே எழுதக்கூடியதை மட்டும் எழுதிவிட்டு, பெண்கள் அடுக்களையைத் தவிர எதை எழுதுகிறார்கள் என்ற விமரிசனத்தையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எதிரணி எப்படி மறந்தது என்று வியக்கிறேன். சொல்லியிருந்தால் நான் சற்றுத் திணறியிருப்பேன். சிறு வயதிலேயே மணமாகி, சரளமாக எழுதக்கூடப் பழகாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து, கணவரின் ஊக்கத்தோடு 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். அங்கே குடும்பம் துணைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணைநின்ற ஒரு வீட்டை நூறு ஆண்டு கழித்தும் தேடியெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவருக்குப் பல பத்தாண்டுகள் பிந்தி, துவரங்குறிச்சியில் வாழ்ந்த சல்மா, வீட்டார் கண்ணில் படாமல் இரவில் குளியலறையில் நின்றுதான் கவிதை எழுதினார்.

தாலாட்டைத் தந்ததே தாய்மைதான் என்று தோழர் பாடியே காட்டினார், இனிமையாகத்தான் இருந்தது. தூளியை ஆட்டும் கை ஓயாமல், வாய் மட்டும் ஒழிந்திருந்த நேரத்தில் பிறந்தது அந்தப் பாட்டு. ஏட்டில் எழுத அவளுக்குக் கை ஒழியவில்லை. பின்னாளில் நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டியதால்தான் அவற்றுள் ஒரு பகுதியாவது அச்சில் கிடைக்கிறது. தோழர் பாடிய தாலாட்டை இயற்றியவள் பெயரை அவரால் சொல்ல முடியுமா?

நடுவர் அவர்களே, மணியடிக்கக் கை நீட்டுகிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். இந்த எட்டு நிமிடமும் யாரும் குறுக்கிடாமல் என்னைப் பேச விட்டீர்கள். இன்று விடிந்ததிலிருந்து எனக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த எட்டு நிமிடம் இதுதான். வணக்கம்.