கிங்ஸ்நேக் எங்கே முட்டையிடும்?

[காட்சி: கண்ணாடித் தொட்டி. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாம்பு ஒன்று மூலைக்கு மூலை அலைகிறது.]

இது கலிஃபோர்னியா கிங்ஸ்நேக். பெண். நீளம் மூன்றரை அடி இருக்கும். கொஞ்ச நேரம் இதைக் கவனியுங்கள். மூலையில் கிடக்கும் மரத்தூளை மூக்கால் தள்ளுகிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குள் பாதி உடம்பை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருகிறது. கண்ணாடி ஓரமாகவே போய், மறுபடி அதே மூலைக்கு வந்து அதே தூளைத் தள்ளுகிறது. எலியை நீட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நோய் எதுவும் இல்லை. முட்டையிட இடம் தேடுகிறது, அவ்வளவுதான்.

பெயரைக் கேட்டு ராஜநாகம் என்று நினைத்திருந்தால், அது வேறு, இது வேறு. கிங்ஸ்நேக் வட அமெரிக்காவைச் சேர்ந்தது, விஷம் கிடையாது. மற்ற பாம்புகளையும் பிடித்து விழுங்கும், வாலைக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பான ராட்டில்ஸ்நேக் உட்பட. முட்டை விஷயத்தில் இரண்டுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. பெண் ராஜநாகம் சருகுகளைச் சேர்த்துக் குவித்துத் தானே கூடு கட்டும். கிங்ஸ்நேக்குக்கு அது தெரியாது. ஏற்கெனவே இருக்கிற இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காட்டில் அதற்குத் திண்டாட்டம் இல்லை. மக்கிப்போன அடிமரம், தரை அணில் தோண்டிவிட்டுப் போன வளை, பாறைக்கு அடியில் இளகிய மண் என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். இருட்டாக இருக்க வேண்டும், உடம்பு நாலா பக்கமும் உரசும்படி இறுக்கமாக இருக்க வேண்டும், லேசான ஈரம் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைப்பது நான்கு சுவர்தான்.

[காட்சி: வெள்ளை நிற நீள முட்டை ஒன்று, கிட்டத்தில். விரல் பட்டதும் லேசாக அமுங்குகிறது.]

ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த முட்டையைப் பாருங்கள். கோழி முட்டை ஓடு போல இது கெட்டியாக இருக்காது, தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். சுற்றியுள்ள ஈரத்தை அந்தத் தோல் வழியாக உறிஞ்சித்தான் முட்டை பெரிதாகும். சுற்றிலும் காய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக் குழி விழுந்துவிடும். வெறும் மரத்தூளில் இட்ட முட்டைகளை ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பல முட்டைகள் சுருங்கிப் போயிருக்கும்.

அதைவிட மோசம் தண்ணீர்க் கிண்ணம். தொட்டி முழுக்க ஈரமுள்ள ஒரே இடம் அதுவாக இருந்தால், வேறு வழியில்லாமல் பாம்பு அதற்குள்ளேயே முட்டையிடும். தண்ணீரில் மூழ்கிய முட்டைக்குள் காற்று போகாது, கரு செத்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இந்தச் சமயத்தில் பெரிய கிண்ணத்தை எடுத்துவிட்டு, குடிக்க மட்டும் போதுமான சின்னக் கிண்ணம் வைக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். என்னைக் கேட்டால், பாம்பு முட்டையிட நாமே ஒரு பெட்டி செய்து தொட்டிக்குள் வைப்பதே முதலில் இதைத் தடுக்கத்தான். இடம் பிடிக்காமல் பாம்பு முட்டையிடுவதையே தள்ளிப்போடும். நாள் போகப் போக முட்டை உள்ளேயே தங்கிவிடும். முட்டை போனால் போகிறது என்று விடலாம். இதில் தாயே செத்துப்போகலாம். இதற்கு வேறு காரணங்களும் உண்டு: அதிகக் கொழுப்பு, ஓடியாடாத உடம்பு, கால்சியம் குறைவு, அளவுக்கு மீறிப் பெரிய முட்டை, கிருமித்தொற்று. இவற்றில் பலவற்றை அந்த நேரத்தில் சரிசெய்ய முடியாது. இடத்தை மட்டும் ஒரு பழைய டப்பாவைக் கொண்டு சரிசெய்துவிடலாம்.

[காட்சி: மேசைமேல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உப்புத்தாள், ஒரு கட்டுக் காய்ந்த பாசி.]

சரி, செய்வோம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மூன்று, நான்கு அடிப் பாம்புக்கு ஷூ பெட்டி அளவு போதும். பாம்பு சுருண்டு உட்கார்ந்தால் பக்கவாட்டில் உரச வேண்டும். பெரிதாக இருந்தால் வசதியாக இருக்கும் என்று நினைப்போம், அங்கேதான் தப்பு. அகலமான பெட்டிக்குள் பாம்புக்குப் பாதுகாப்பு உணர்வு வராது. உள்ளே இருப்பது வெளியே தெரியாத நிறமாகவும் இருக்க வேண்டும். கண்ணாடி போல் தெரியும் டப்பாதான் இருக்கிறதென்றால் வெளியே கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

வாசல் மூடியில் இருக்கலாம், பக்கவாட்டிலும் இருக்கலாம். மூடியில் வைத்தால் பாசி வெளியே சிந்தாது, ஈரமும் நிற்கும். பக்கவாட்டில் வைப்பதாக இருந்தால் கொஞ்சம் உயரத்தில் வெட்டுங்கள். முட்டையால் பருத்த உடம்பு நுழைய வேண்டும் என்பதை நினைவில் வைத்து அளவெடுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். முட்டை சுமக்கும் பாம்பின் வயிற்றுத் தோல் விரிந்து இழுபட்டிருக்கும், கூரான பிளாஸ்டிக் பட்டால் கிழிந்துவிடும்.

உள்ளே போட, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பேக்னம் பாசி. மாடித் தோட்டம் போடுபவர்களுக்குத் தெரிந்த, ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் ஆகும். ஆனால் பாசியில் பாம்பு தானே குடைந்து குழி செய்துகொள்ளும், அதனால் என் ஓட்டு பாசிக்குத்தான். ஊறவைத்து, கையால் இறுக்கிப் பிழிந்துவிட்டு, பாதிப் பெட்டிக்கு மேல் உதிர்த்துப் போடுங்கள்.

[காட்சி: கை பாசியைப் பிழிகிறது. தண்ணீர் ஒழுகி நிற்கிறது. மறுபடி பிழியும்போது ஒரே ஒரு சொட்டு.]

இந்த அளவுதான். அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. சொதசொதவென்று இருந்தால் முட்டையில் பூஞ்சை பிடிக்கும், நாள்கணக்கில் அதில் கிடக்கும் பாம்பின் வயிற்றிலும் கொப்புளம் வரும்.

பெட்டியை, தொட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் மேட்டுக்கு நேர் மேலே வைக்காதீர்கள், அடியிலிருந்து காய்ந்துவிடும். தொட்டியின் நடுப்பகுதியில், உள்ளே 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடம் நல்லது.

[காட்சி: நாள்காட்டி. ஏப்ரல், மே, ஜூன்.]

எப்போது வைப்பது? குளிர்காலத்தில் இரண்டு, மூன்று மாதம் குளிர்ச்சியில் உறங்கி எழுந்த கிங்ஸ்நேக்குகள் வசந்தத்தில் இணைசேரும். அதிலிருந்து ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் கழித்து முட்டை. நாள் எண்ணுவதைவிடச் சட்டையைப் பாருங்கள். முட்டையிடும் முன் பெண் பாம்பு ஒருமுறை சட்டை உரிக்கும். அதற்கப்புறம் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். இந்தச் சட்டை உரியும் தேதியை மட்டும் தவறாமல் எழுதி வையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்குப் போடலாம்.

ஆனால் பெட்டி அதற்கும் முன்பே உள்ளே இருக்க வேண்டும். வயிற்றின் பின்பாதி பருக்கத் தொடங்கியதுமே வைத்துவிடுங்கள். பாம்பு நுழைந்து பார்த்து, நாக்கை நீட்டி வாசனை பிடித்து, இது நம் இடம் என்று பழக வேண்டும். கடைசி நேரத்தில் வைத்த பெட்டியைச் சில பாம்புகள் கண்டுகொள்ளாது. அப்படி ஒதுக்கினால், அது எந்தப் பொந்தில் பதுங்குகிறது என்று பார்த்து, அந்த மறைவிடத்துக்குள்ளேயே ஈரப் பாசியைப் போடுங்கள். நாம் செய்த பெட்டி அழகாக இருக்கிறதே என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

ஆண் பாம்பே இல்லாத வீட்டிலும் பெண் முட்டையிடலாம். பெரும்பாலும் கூமுட்டையாகத்தான் இருக்கும். ஆனாலும் வயிற்றிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், அதற்கும் இதே பெட்டி வேண்டும்.

[காட்சி: பெட்டிக்குள் சுருண்ட பாம்பு. மடிப்புகளுக்கு நடுவே முட்டைகள்.]

முட்டையிடத் தொடங்கிவிட்டால் தொந்தரவு செய்யாதீர்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும். சாதாரணமாக ஐந்து முதல் பன்னிரண்டு முட்டை வரை இடும், முடியப் பல மணி நேரம் ஆகும். முடிந்ததும் தோல் மடிந்து தொங்கும், பாம்பு பாதியாய் இளைத்திருக்கும்.

அப்புறம் வயிற்றைப் பாருங்கள். இன்னும் ஒரு வீக்கம் தெரிகிறதா? ஒரு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெளியிலிருந்து விரலால் அழுத்தித் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே முட்டைக்குழாய் கிழிந்துவிடலாம்.

மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும். கிங்ஸ்நேக் அப்படியில்லை, இட்டதும் அதன் வேலை முடிந்தது. எனவே முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைக்கலாம். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே வையுங்கள். ஒரு நாளுக்குப் பிறகு கரு உள்ளே ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துப்போகலாம். எடைக்குச் சமமாகத் தண்ணீர் கலந்த வெர்மிகுலைட், 27, 28 டிகிரி, சுமார் இரண்டு மாதம். இன்குபேட்டர் தனிக் கதை, இங்கே இவ்வளவு போதும்.

பொரிக்க வைப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் இதே கலிஃபோர்னியா கிங்ஸ்நேக், வளர்ப்பிலிருந்து வெளியேறி, 1990களின் கடைசியிலிருந்து பெருகிக் கிடக்கிறது. அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினத்தை அது பல இடங்களில் ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் பிடித்தும் தீரவில்லை. அவற்றில் நிறைய வெள்ளைப் பாம்புகள். காட்டில் அந்த நிறம் மிக அரிது, வளர்ப்பவர்கள் விரும்பி உருவாக்கிய நிறம் அது. குட்டிகளுக்கு வீடு கிடைக்காது என்று தெரிந்தால், இட்ட உடனே முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் சரி. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அதுதான் பொறுப்பு.

இன்னொன்று. இதைப் பார்த்துவிட்டு வயல்வெளியில் சாரைப் பாம்பைப் பிடித்து வந்து பெட்டி செய்து வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

[காட்சி: கழுவிய டப்பா. புதுப் பாசி உள்ளே விழுகிறது.]

சரி, தாய்க்கு வருவோம். தொட்டியைக் கழுவி முட்டை வாசனையைப் போக்கிவிட்டால் பாம்பு சீக்கிரம் இரை எடுக்கும். முதலில் சின்ன எலியாகக் கொடுங்கள், இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தின்று தேறிய பெண் அதே கோடையில் இரண்டாவது முறையும் முட்டையிடுவது உண்டு. அதனால் டப்பாவைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கழுவி, புதுப் பாசி போட்டு, பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.