34 ஆண்டுகள் சாட்சி சொன்னவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் அரசியல் தலைவர்களையே சுற்றிவருகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற சாதாரண மனிதர்கள். அதிலும் குறிப்பாகப் பெண்கள்.

அந்த ஆண்டு ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள், அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்களான இரண்டு சீக்கியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இருவர் செய்த கொலைக்கு ஒரு சமூகமே பழிவாங்கப்பட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். கான்பூரிலும் பொகாரோவிலும் செத்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எந்த வீடு சீக்கியர் வீடு என்று கும்பலுக்கு எப்படித் தெரிந்தது? அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது, ரேஷன் பட்டியல் இருந்தது. இந்த நாட்டின் குடிமகன் என்பதற்கு ஏழையிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி, அவன் வாசலைக் காட்டிக்கொடுத்தது. யமுனைக்குக் கிழக்கே திரிலோக்புரி என்ற குடியிருப்பில் 32ஆம் பிளாக்கின் சந்துகளில் வாழ்ந்தவர்கள் கயிற்றுக் கட்டில் பின்னியும் ரிக்‌ஷா ஓட்டியும் பிழைத்தவர்கள். தற்காத்துக்கொள்ளத் திரண்டு நின்றவர்களைப் போலீஸார் வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். அதன் பிறகு மண்ணெண்ணெயும் டயர்களுமாகக் கும்பல் வந்தது. தலைநகரில் ராணுவம் இல்லாமலா போயிற்று? இருந்த ராணுவத்தைத் தெருவில் இறக்கி நிலைமையை அடக்க நவம்பர் 3 வரை ஆயிற்று.

முடியை வெட்டாமல் வளர்ப்பது சீக்கியருக்குக் குரு இட்ட கட்டளை. ஒளித்துவைக்க முடியாத அடையாளம் அது. உயிர் பிழைக்கப் பலர் தம் கையாலேயே அதை வெட்டிக்கொண்டார்கள். தாய்மார்கள் மகன்களுக்குச் சடை பின்னி, பெண் உடை உடுத்திப் பதுக்கினார்கள். வாளுக்கு அஞ்சாமல் நம்பிக்கையைக் காத்த முன்னோரின் கதைகளைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு, அந்தக் கத்தரிக்கோல் எத்தனை பெரிய அவமானம் என்று எண்ணிப் பாருங்கள். அதே தெருக்களில், சீக்கிய அண்டைவீட்டாரைத் தம் வீட்டுக்குள் இழுத்துக் கதவை அடைத்த இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது.

பிறகு தொடங்கியது விசாரணைக் குழுக்களின் காலம். மார்வா குழுவில் தொடங்கி, மிஸ்ரா ஆணையத்தைத் தாண்டி, நானாவதி ஆணையம் வரை, ஒன்றன் பின் ஒன்றாகக் குழுக்கள் வந்தன. பல கொலைகளை ஒரே முதல் தகவல் அறிக்கையில் போலீஸார் அடைத்துவைத்ததால், வழக்குகள் நீதிமன்றத்துக்கு வரும் முன்பே நொண்டியாகிவிட்டன. இது கவனக்குறைவால் நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாலம் காலனியை அடுத்த ராஜ் நகரில் ஒரு பெண்மணியின் கணவரும் பதினெட்டு வயது மகனும் நவம்பர் 1 அன்று கொல்லப்பட்டார்கள். போலீஸாரிடம் போனார், பயனில்லை. உதவிக்கு வர ஆளில்லை. வீட்டிலிருந்த மரச்சாமான்களை அடுக்கி இருவர் உடலையும் அவரே எரித்தார். அடுத்த ஆண்டு மிஸ்ரா ஆணையத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். இருபது ஆண்டுகள் உருண்டோடின. நானாவதி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, 2005இல்தான் அந்த வழக்கு சிபிஐ கைக்குப் போனது. அந்த ஆண்டில்தான் பிரதமர் மன்மோகன் சிங், தாமே ஒரு சீக்கியர், மாநிலங்களவையில் நாட்டின் சார்பில் வெட்கித் தலைகுனிவதாகச் சொன்னார். 2013இல் விசாரணை நீதிமன்றம் ஐந்து பேரைத் தண்டித்தது, கும்பலைத் தூண்டிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாரை விடுவித்தது. அந்தப் பெண்மணி ஓயவில்லை. 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி எஸ்.முரளிதர், சென்னையில் வழக்குரைஞராகத் தொழிலைத் தொடங்கியவர். தொடங்கியது 1984 செப்டம்பரில், இந்தக் கொலைகளுக்கு இரண்டு மாதங்கள் முன்பு! குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் மூன்று சாட்சிகளின் துணிவும் விடாமுயற்சியும்தான் என்று தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. மூவரில் இருவர் பெண்கள்.

மேற்கு டெல்லியில் திலக் விஹார் என்ற இடத்தை விதவைகள் காலனி என்றே ஊர் அழைக்கிறது. கணவனை இழந்தவர்களுக்கு அங்கே சிறிய வீடுகள் கொடுத்தார்கள்; பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கடைநிலை வேலை கொடுத்தார்கள். அதுவரை வீட்டுப் படி தாண்டாத பெண்கள் வேலைக்குப் போனார்கள். கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைகளில் பலரைப் போதைப்பொருள் கொண்டுபோனது. கொலையில் தப்பிய குடும்பங்களில் அடுத்த தலைமுறையும் இப்படிக் கரைந்தது எந்த ஆணையத்தின் கணக்கிலும் ஏறவில்லை. இத்தனைக்கும் பிறகு அந்தப் பெண்கள் நம்பிப் போய் நின்றது நீதிமன்ற வாசலில்தான். இந்த நாடு தங்களுடையது என்று அவர்கள் சொன்ன விதம் அது.

2018 தீர்ப்பு ஒரு குறையையும் சுட்டிக்காட்டியது. இனப்படுகொலையும், மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நம் சட்டத்தில் தனிக் குற்றங்களாக இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கும்பலாகச் சேர்ந்து சாதி, இனம் பார்த்துக் கொல்வதற்கு அதில் தனி உட்பிரிவு இருக்கிறது. நீதிபதிகள் சுட்டிக்காட்டிய அந்த இரண்டு குற்றங்களுக்கு இன்னும் இடமில்லை. நாடாளுமன்றம் நினைத்தால் ஒரு திருத்தத்தில் இதைச் சேர்க்க முடியும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். வணக்கம்.