ஆயுளைப் பார்த்து லினக்ஸ் எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் இளைஞர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "சார், வி.எம்.முக்கு எந்த லினக்ஸ் போடலாம்?" லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்; பலர் அதைத் தங்கள் தங்கள் பெயரில் தொகுத்து வெளியிடுகிறார்கள். வி.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின். ஒரு பெரிய சர்வருக்குள் பத்து, இருபது கணினிகள் தனித்தனியாக ஓடும்படி மென்பொருளால் அமைப்பது. கைப்பேசியில் நீங்கள் மின்கட்டணம் கட்டும்போது அந்தப் பக்கம் பதில் சொல்வது அநேகமாக இப்படியொரு வி.எம்.தான்.

எது வேகம் என்று கேட்பார்கள். எந்த வருஷம் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், அதற்கு யார் பொறுப்பு என்று நான் திருப்பிக் கேட்பேன். வி.எம்.முக்குள் ஹார்டு டிஸ்க்கும் நெட்வொர்க்கும் பெரும்பாலும் விர்ட்டியோ என்கிற பொது டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்கள், வழியாக வருகின்றன. அவை எல்லா லினக்ஸிலும் உண்டு. வேக வித்தியாசம் சொற்பம். ஆனால் ஆயுள்? நிஜ சர்வர் பழசானால் தூக்கிப் போடுவோம், புதியதில் புது லினக்ஸ் ஏறும். வி.எம்.மை அப்படியே புதிய சர்வருக்கு நகர்த்திவிடலாம். யாரும் தொடாமல் பத்து வருஷம் ஓடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் ஆயுளைப் பாருங்கள்.

சென்ட்ஓஎஸ் கதையை எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். ரெட் ஹாட் நிறுவனம் சந்தாவுக்கு விற்கும் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை, அதாவது அதை எழுதிய நிரல் வரிகளை எடுத்து, ரெட் ஹாட் பெயரையும் முத்திரையையும் நீக்கி, 2004 முதல் தன்னார்வலர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். அதுதான் சென்ட்ஓஎஸ். 2014இல் ரெட் ஹாட்டே அந்தத் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019இல் எட்டாம் பதிப்பு வந்தது. 2029 வரை கவலையில்லை என்று நம்பி ஏராளமானோர் மாறினார்கள்.

2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: எட்டாம் பதிப்பு 2021 டிசம்பர் 31ஓடு சரி. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் சர்வர் பொறுப்பிலிருந்த பெண், சுவரில் வி.எம். பட்டியல் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2029 என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்து 2021 என்று எழுதினார். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஏழாம் பதிப்பிலேயே தங்கியவர்களுக்கு 2024 ஜூன் வரை திருத்தம் வந்தது. முன்யோசனையோடு புதியதற்கு மாறியவர்கள்தான் முதலில் தெருவில் நின்றார்கள். அது நியாயமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும். ராக்கியைத் தொடங்கிய கிரகரி கர்ட்சர் சென்ட்ஓஎஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். மறைந்த சகா ராக்கி மெக்காவின் பெயரையே வைத்தார். 2023இல் ரெட் ஹாட் தன் மூலநிரல் வெளியாருக்குக் கிடைக்கும் வழியைச் சுருக்கியபோது, ரெட் ஹாட்டில் ஓடும் மென்பொருள் எங்களிடமும் ஓடும், அச்சு அசலாக இருக்கத் தேவையில்லை என்று அல்மா முடிவெடுத்தது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

என் பரிந்துரை இது. நீங்கள் வாங்கிய மென்பொருளுக்கு ரெட் ஹாட்டில்தான் ஆதரவு தருவோம் என்று விற்றவர் சொன்னால் சந்தாவைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அல்மா. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிப்பு மாற்ற ஆள் இருந்தால், தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்கிற லினக்ஸ். 1993 முதல் இருக்கிறது, ஒரு நிறுவனம் நினைத்து அதை மூடிவிட முடியாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இரண்டே விஷயம். ஒன்று, ரெட் ஹாட் 9ஆம் பதிப்பும் அதைப் பின்பற்றும் ராக்கி, அல்மாவும், வி.எம்.முக்குக் காட்டப்படும் பழைய கேவிஎம்64 என்ற சிபியு வகையில் தொடங்காது, கர்னல் பேனிக் என்ற பிழையில் நின்றுவிடும், வி.எம். அமைப்பில் சிபியு வகையை ஹோஸ்ட், அதாவது நிஜ சர்வரின் சிபியுவே, என்று மாற்றுங்கள். 10ஆம் பதிப்பு இன்னும் புதிய சிபியு கேட்கும்; பழைய சர்வர்களுக்கென்று அல்மா தனிப் பதிப்பு தருகிறது. இரண்டு, வி.எம்.மை நகலெடுக்கும் முன், அதன் தனி அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி, தொலைவிலிருந்து நுழைபவருக்கு அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நகல்களுக்கும் ஒரே அடையாளம் இருக்கும்; நெட்வொர்க்கில் ஒரே ஐபி முகவரிக்குப் போட்டி போடக்கூடும். வணக்கம்.