தெரியாது என்று சொல்லும் உரிமை

நேயர்களுக்கு என் வணக்கம்.

எழுத்தாளர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். எதற்காக எழுதுகிறீர்கள் என்பது ஒன்று. பெயர் கிடைத்த பிறகு எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. நிலையத்தார் என்னிடம் பேசச் சொன்னதும் இவற்றைப் பற்றித்தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிணக்கு இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். எது என்னை எழுத உட்கார வைக்கிறதோ, அதன் மேல்தான் புகழ் முதலில் கை வைக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு துணை வேண்டும். போலந்து நாட்டுக் கவிஞர் விஸ்லவா சிம்போர்ஸ்காவின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

சிம்போர்ஸ்கா 1923இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் கிராக்கூவ் நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் இறக்கும்வரை அவருக்கு அதுதான் ஊர். வாழ்நாள் முழுவதும் எழுதி அச்சில் வந்த கவிதைகள் சுமார் 350தான். ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறீர்கள் என்று கேட்டால், வீட்டில் குப்பைக் கூடை இருக்கிறதே என்பாராம். பேட்டி என்றால் ஒதுங்கிவிடுவார். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் கவிதையிலேயே இருக்கிறது என்று நினைத்தவர்.

1996 அக்டோபர் 3ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அப்போது அவர் ஸாகோபனே என்ற மலையூரில், எழுத்தாளர்கள் தங்கி எழுதுகிற ஒரு விடுதியில் இருந்தார். அந்த நிமிடத்தோடு அமைதி போனது. அந்தப் பரிசை அவருடைய நண்பர்கள் ‘ஸ்டாக்ஹோம் சோகம்’ என்றே குறிப்பிட ஆரம்பித்தார்கள்.

ஊர் திரும்பினால் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. பத்திரிகைக்காரர்கள், வாழ்த்துச் சொல்பவர்கள், கூட்டத்துக்குத் தேதி கேட்பவர்கள், உதவி கேட்பவர்கள். இதையெல்லாம் கவனிக்க ஒரு செயலாளர் இல்லாமல் முடியாது என்று ஆயிற்று. மிஹாவ் ருசினெக் என்ற இளைஞரை அந்த வேலைக்காக அனுப்பிவைத்தார்கள். வந்தவரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியவில்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த இளைஞர் ஒரு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். தொலைபேசி ஒயரை வெட்டிவிட்டார். வீடு அமைதியானது. வேலையும் அவருக்கே கிடைத்தது. அப்புறம், கூப்பிடுகிறவர்கள் சொல்வதைப் பதிவு செய்துவைக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். சிம்போர்ஸ்காவின் கடைசி நாள்வரை ருசினெக்தான் அவருடைய செயலாளர்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது 73 வயதுப் பெண்மணியின் தவிப்பு. கவிதை எழுதுகிறவருக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு கதவு, கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம். உலகத்தின் மிகப் பெரிய மரியாதை வந்து முதலில் எடுத்துக்கொண்டது அந்த நேரத்தைத்தான். 1993இல் ஒரு தொகுப்பு வந்திருந்தது. அடுத்த புதிய தொகுப்பு 2002இல்தான் வந்தது. அவர் எப்போதுமே நிதானமாக எழுதியவர், அதற்கு முந்தைய இடைவெளியே ஏழு ஆண்டுகள். அதனால் பழி முழுவதையும் பரிசின் மேல் போட மாட்டேன். ஆனாலும் அந்த ஒன்பது ஆண்டுகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நேரம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபல் உரையில் அதற்கான விடை கிடைக்கிறது.

அந்த உரை அளவில் சிறியது. எழுத வைக்கும் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். அது கவிஞர்களுக்கு மட்டும் சொந்தமான வரம் இல்லை என்றார். தன் வேலையை விரும்பிச் செய்கிற மருத்துவருக்கு உண்டு, ஆசிரியருக்கு உண்டு, தோட்டக்காரருக்கும் உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவர் தனக்குத்தானே ஓயாமல் சொல்லிக்கொள்வதிலிருந்துதான் அது பிறக்கிறது என்றார். மேரி கியூரி அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருந்தால், ஏதோ ஒரு தனியார் பள்ளியில் நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு வேதியியல் பாடம் நடத்தியே காலம் கழிந்திருக்கும் என்று உதாரணமும் காட்டினார்.

உடனே ஒரு ஆட்சேபணையையும் அவரே கிளப்புகிறார். கொடுங்கோலர்களும் மதவெறியர்களும்கூடத் தங்கள் வேலையை ஆர்வமாகத்தானே செய்கிறார்கள்? செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தது போதும் என்று இருந்துவிடுவார்கள், அதற்கு மேல் எதையும் கேட்டுக்கொள்ள விரும்ப மாட்டார்கள்.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து அவர் சொல்லவில்லை. 1952இலும் 1954இலும் வெளிவந்த அவருடைய முதல் இரண்டு தொகுப்புகள் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சி எதிர்பார்த்த வகையில் எழுதப்பட்டவை. லெனினைப் போற்றும் கவிதை அதில் உண்டு. எல்லாம் தெரிந்தவர்களின் குரலில் அவரே ஒரு காலம் பாடியிருக்கிறார். பிறகு அந்த இரண்டு புத்தகங்களையும் ஒதுக்கிவைத்தார். 1957இல் வந்த தொகுப்பையே தன் தொடக்கமாக வைத்துக்கொண்டார். 1966இல் கட்சியை விட்டு விலகினார். ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. அதனால்தான் அந்த உரையில் இருப்பது வெறும் பணிவு என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதி ரேஷன் கடையில் ஒரு நாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கிறார். ரேகை விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். “வேற விரலை வையுங்க தாத்தா” என்கிறார் கடைக்காரப் பெண். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார். எதுவும் பிடிக்கவில்லை. சுண்ணாம்பிலும் கல்லிலும் காலமெல்லாம் வேலை பார்த்துத் தேய்ந்துபோன விரல்கள். “வீட்டுல வேற யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க தாத்தா, நான் என்ன பண்றது” என்று அந்தப் பெண் வருத்தமாகத்தான் சொன்னார். பெரியவர் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். வீட்டுக்குப் போகவில்லை. சண்டை போடவும் இல்லை. நாங்கள் ஒவ்வொருவராக விரலை வைத்து அரிசி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லையா? கூட்டம் குறைந்த பிறகு மறுபடியும் முயலலாம் என்றா? இல்லை, மற்றவர்களுக்கு விழுகிற ரேகை தனக்கு விழவில்லையே என்ற திகைப்பா? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். அது தூங்க விடவில்லை. கதை எழுதினேன். எழுதி முடித்தபோதும் விடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. எதற்காக எழுதுகிறேன் என்றால் இதற்காகத்தான்.

கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஒரு பரிசும் வந்தது. பிறகு மேடைகள் வந்தன. பொது விநியோகத் திட்டத்தை எப்படிச் சீர்திருத்தலாம், தொழில்நுட்பம் ஏழைகளை என்ன செய்கிறது, இளைய தலைமுறைக்கு நீங்கள் சொல்வது என்ன என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டவர்கள் அன்போடுதான் கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கும் வார்த்தை வந்துவிடுகிறது. கைதட்டுகிறார்கள். மேடைக்கு மேடை அதே வாக்கியம் மெருகேறுகிறது. அந்தப் பெரியவர் ஏன் நின்றார் என்பதற்கு இப்போது அரங்கமே ரசிக்கிற ஒரு பதில் இருக்கிறது. கதையில் அந்தப் பதில் கிடையாது. உண்மையில் இன்றுவரை எனக்கு அது தெரியாது.

புகழில் எனக்கு உறுத்துவது இதுதான். மாலையும் பொன்னாடையும் கொஞ்ச நேரத்துக் கூச்சம், வீட்டுக்கு வந்தால் போய்விடும். ஆனால் தெரிந்தவனாக இரு என்று புகழ் கேட்கிறது. தெரியாதவனாக இருந்தால்தான் எழுத்து வரும். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

சிம்போர்ஸ்கா இதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கிராக்கூவில் ஒரு இலக்கிய வார இதழின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். புதிதாக எழுதுகிறவர்கள் அனுப்பும் கவிதைகளுக்கும் கதைகளுக்கும் அந்த இதழில் பதில் எழுதும் பகுதி ஒன்று உண்டு. அவரும் இன்னொருவரும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். பதில்களில் பெயர் இருக்காது. குழுவில் பெண் அவர் ஒருவர்தான். நம்மிடம் வந்தான், வந்தாள் என்று இருப்பதுபோல, போலிஷ் மொழியிலும் எழுதியவர் பெண் என்பதை வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ‘நாங்கள்’ என்று பன்மையிலேயே எழுதினாராம். அந்த மறைவில் அவருக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பதை அந்தப் பதில்களைப் படித்தால் உணரலாம். பின்னாளில் அவை புத்தகமாகவும் வந்தன. வானத்திலேயே பறந்துகொண்டிருந்த ஒருவருக்கு, இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே எழுதிப் பாருங்களேன் என்று சொல்லியிருக்கிறார். புகழ்பெற்ற கவிஞரின் கையெழுத்தோடு வந்திருந்தால் அது தீர்ப்பாகிவிடும். பெயரில்லாமல் வந்ததால் நல்ல வாசகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன சொல்லாக இருந்தது.

நமக்கு இது புதிதில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளை எழுதியவர் யார் என்று தெரியவில்லை. பாட்டில் வந்த சொற்றொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். எனக்கு மிகவும் பிடித்தவர் ஓரேருழவனார். 131ஆம் பாட்டு. வேலை முடிந்து காதலியிடம் திரும்ப வேண்டியவன், போக வேண்டிய தூரத்தை நினைத்துத் தவிக்கிறான். மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கிறது, காய்வதற்குள் உழுதாக வேண்டும், கையில் இருப்பது ஒரே ஓர் ஏர். அந்த உழவனைப் போல என் நெஞ்சு பரபரக்கிறதே, நோகிறேனே என்கிறான். ஒரு கதை மனதில் விழுந்து, ஈரம் காய்வதற்குள் எழுத வேண்டுமே என்று துடித்த யாருக்கும் இந்தப் பரபரப்பு புரியும். எழுதியவரின் ஊர் தெரியாது, குலம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் திட்டமாகத் தெரியாது. அந்தப் பரபரப்பு மட்டும் அப்படியே நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்காக எழுத்தாளர்கள் எல்லோரும் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் வேண்டும். தமிழில் எழுத்தை நம்பி வாழ்ந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். நல்ல புத்தகம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் கட்டுக்கட்டாக அட்டைப்பெட்டியில் கிடப்பதில் எந்தப் பெருமையும் கிடையாது. ஒரு பரிசு அறிவித்தால் புத்தகம் நாலு பேர் கைக்குப் போகிறது. எழுதுகிறவரின் வீட்டில் ஒரு கடன் அடைகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சிம்போர்ஸ்காவும் மனிதர்களை வெறுத்து ஒதுங்கியவர் இல்லை. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார். குலுக்கல் நடத்தி, தேடிப் பிடித்துச் சேர்த்த விசித்திரமான பொம்மைகளைப் பரிசாகக் கொடுப்பார். பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களையும் சொற்களையும் வெட்டி ஒட்டி, தானே அஞ்சலட்டை செய்து ஒவ்வொருவருக்கும் அனுப்புவார். முகம் தெரிந்த ஒருவருக்காக உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

கூட்டம் நடத்துகிறவர்களிடமும், போகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எழுத்தாளர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம். அறிமுக உரையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, எழுதியதில் ஒரு பக்கத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பெண் ஏன் கதவைச் சாத்தினாள், அந்தக் கிழவர் ஏன் நின்றார் என்று கேளுங்கள். எழுதியவருக்கு விடை தெரியவில்லை என்றால், கேட்டவர் தனக்குத் தோன்றியதைச் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் அதை மறுக்கட்டும். அண்மையில் ஒரு சிற்றூர் நூலகத்தில் இப்படித்தான் நடந்தது. ரேஷன் கடைக் கதையை வாசித்து முடித்ததும், பின் வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து, “அவரு போகாம நின்னது சரிதான், போயிட்டா வரலைன்னு எழுதிருவாங்கல்ல” என்றார். நான் எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்தேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.