தெம்பா, மயக்கமா? கிரேசி ஃபீல்ட்ஸ் படங்களின் சார்பில் ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, எனக்கு முன்னால் பேசி இந்த மேடையைச் சூடாக்கிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1930களில் பாடகி கிரேசி ஃபீல்ட்ஸ் நடித்த இசைப்படங்கள் பிரிட்டிஷ் தொழிலாளிக்குக் கொடுத்தது தெம்பா, மயக்கமா? மயக்கம்தான் என்று தலைவர் முழங்கிவிட்டார். 'படத்தில் ஆலை மூடுகிறது. திரும்பத் திறப்பது யார்? தொழிற்சங்கமா? இல்லை, செயற்கைப் பட்டு முதலாளி! லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் நின்றபோது ஒரு பாடகி ஜெயித்த கதையைக் காட்டி ஏமாற்றினார்கள். கடைசியில் அந்த அம்மாவும் இத்தாலியின் காப்ரி தீவில் போய் உட்கார்ந்துகொண்டார்' என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். பேச்சுக்குத்தான் தட்டினேன், வாதத்துக்கு இல்லை.

அம்மணி யார் என்று முதலில் பார்த்துவிடுவோம். வட இங்கிலாந்தின் லங்காஷையரில் ராச்டேல் என்று ஒரு பஞ்சாலை ஊர். அங்கே பாட்டி நடத்திய மீன் வறுவல் கடையின் மாடியில் 1898 ஜனவரி 9ஆம் தேதி பிறந்தார் கிரேஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட். மேடைப் பெயர்தான் கிரேசி ஃபீல்ட்ஸ். பன்னிரண்டு வயதிலேயே ஆலைக்குப் போனார். 'ஹாஃப் டைமர்' என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர். அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளிக்கூடம். இது திருட்டுத்தனமாக நடந்ததில்லை, சட்டமே அனுமதித்தது. காலையில் ஆலையில் நின்ற பிள்ளை மதியம் வகுப்பில் என்ன செய்திருக்கும்? தூங்கியிருக்கும்.

அந்த ஊர்களின் தறிக்கொட்டகையில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பெண்கள் சத்தமே இல்லாமல் வாயை அகலமாக அசைத்து, கண்ணையும் புருவத்தையும் சேர்த்துப் பேசுவார்கள். எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். இதற்கு 'மீ மா' என்று ஊர்ப்பெயர். கொட்டகையை விட்டு வெளியே வந்த பிறகும் பழக்கம் விடாது. கிரேசியின் படங்களைப் பாருங்கள். நகைச்சுவைப் பாட்டில் அந்த வாயும் புருவமும் படுகிற பாட்டைப் பார்த்தால், இது நடிப்புப் பள்ளியில் கற்றது இல்லை என்று எனக்குத் தோன்றும். ராச்டேலில் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவளுக்குச் சொல்லவே வேண்டாம்.

இவரைத் தயாரிப்பாளர் யாரும் தெருவில் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. சிறுமியாக மேடை ஏறியவர். ஆர்ச்சி பிட் என்ற நகைச்சுவைக்காரரின் குழுவோடு 'மிஸ்டர் டவர் ஆஃப் லண்டன்' என்ற கதம்ப நிகழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தார். பிட்டை 1923இல் மணந்தார். முதல் படம், 'சாலி இன் அவர் ஆலி', 1931இல்தான் வந்தது. அதற்குள் வயது 33. டிக்கெட் வாங்கியவர்கள் இருபது வருஷமாகத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சரக்கு இது. மயக்க மருந்து விற்க வந்த முதலாளி, கடைச்சரக்கைத் தொழிலாளியிடம் கேட்டா வாங்குவான்?

சரி, மூடிய ஆலைக்கு வருவோம். 'சிங் அஸ் வீ கோ', 1934. இயக்கியவர் பேசில் டீன். கதை எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி. அவர் பிராட்ஃபர்டு என்ற கம்பளி ஆலை ஊர்க்காரர். இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, வேலை செத்துப்போன ஊர்களையெல்லாம் கண்ணால் பார்த்து, அதே 1934இல்தான் பயண நூலும் வெளியிட்டார். நிலைமை தெரியாமல் எழுதியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

நிலைமை என்ன? 1933 தொடக்கத்தில் பிரிட்டனில் ஏறத்தாழ 30 லட்சம் பேருக்கு வேலை இல்லை. உதவித்தொகை வேண்டுமென்றால் அதிகாரி வீட்டுக்கு வருவார். வீட்டில் என்ன இருக்கிறது, பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று விசாரித்துத் தொகையை வெட்டுவார். லங்காஷையர் துணிக்கோ வெளிச்சந்தை போய்விட்டது. ஜப்பான் போட்டி ஒரு பக்கம், இந்தியாவில் சொந்த ஆலைகளும் அந்நியத் துணிப் புறக்கணிப்பும் இன்னொரு பக்கம். 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷையருக்கே போனார். டார்வென் ஊரில் ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று உற்சாகமாகக் கூவுகிற புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தங்கள் பிழைப்பில் கை வைத்த புறக்கணிப்பின் தலைவரையே அப்படி வரவேற்ற பெண்கள் அவர்கள். அவர்களைப் பாட்டுப் பாடி மயக்கிவிடலாம் என்கிறார் நம் தலைவர்.

இந்த நேரத்தில் வந்த படம் எங்கே ஆரம்பிக்கிறது? அரண்மனையிலா, கப்பலிலா? கிரேபெக் மில் மூடப்படுவதில் ஆரம்பிக்கிறது. கிரேஸ் பிளாட் என்ற தொழிலாளிக்கு வேலை போகிறது. நூற்க முடியாவிட்டால் என்ன, பாடலாமே என்கிறாள். தோழிகளோடு பாடிக்கொண்டே வெளியே வருகிறாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடி பிளாக்பூலுக்குக் கிளம்புகிறாள்.

பிளாக்பூல் அந்த மக்களுக்கு என்னவென்று தெரிந்தால்தான் படத்தின் சூட்சுமம் புரியும். பஞ்சாலை ஊர்களில் வருஷத்தில் ஒரு வாரம் 'வேக்ஸ் வாரம்'. ஆலைகள் மொத்தமாக மூடும். ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போகும். அடுத்த வீட்டுக்காரியைத் தவிர்க்கக்கூட முடியாது, அவளும் அங்கேதான் இருப்பாள். வருஷம் முழுக்கக் காசு சேர்த்து அங்கே போய் ஒரு வாரம் ராஜா மாதிரி இருப்பார்கள்.

அந்தச் சொர்க்கத்துக்குத்தான் கிரேஸைக் கூட்டிப்போகிறார் பிரீஸ்ட்லி. ஆனால் பின்வாசல் வழியாக! விடுதியில் எடுபிடி வேலை. அடுத்து ஜோசியக்காரியிடம் உதவியாள். அப்புறம் மிட்டாய் விற்கிறாள், கடையில் பாட்டுப் பாடி அதன் இசைத்தாள் விற்கிறாள், வேடிக்கைக் கூடாரத்தில் உடம்பை மறைத்துக்கொண்டு 'மனிதச் சிலந்தி' ஆகிறாள். ஒரு வேலையும் நிலைக்கவில்லை. படப்பிடிப்பு நிஜ பிளாக்பூலில் நடந்தது. பின்னால் தெரிகிற ஜனக்கூட்டம் நிஜமான விடுமுறைக் கூட்டம். இவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற இடத்தில் ஒருத்தி சிலந்தி வேஷத்தில் கழுத்து வலியோடு கிடக்கிறாள். போன கோடையில் நாம் சிரித்த சிலந்திக்கும் நம்மைப் போலத்தான் பிழைப்பா என்று அரங்கில் இருந்த நெசவுக்காரி யோசித்திருக்க மாட்டாளா? விடுமுறைக்குப் பின்னால் இருக்கிற வேலையை இப்படி விரித்துக் காட்டும் படத்துக்கு மயக்கம் என்று பெயர் வைக்க நல்ல தைரியம் வேண்டும் நடுவர் அவர்களே.

ஆலையைத் திறப்பது முதலாளிதானே என்றார் தலைவர். உண்மை. செயற்கைப் பட்டுத் தயாரிப்பு முறை ஒன்று கைக்கு வந்து ஆலை திறக்கிறது. வேலைநிறுத்தம் ஏன் வரவில்லை? வந்திருந்தால் படமே வெளியே வந்திருக்காது. அங்கே இருந்த தணிக்கை வாரியத்துக்கு முதலாளி தொழிலாளி மோதல் என்றாலே ஒவ்வாமை. வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி வால்டர் கிரீன்வுட் எழுதிய 'லவ் ஆன் த டோல்' நாவலைப் படமாக்க 1936இல் கேட்டார்கள். வாரியம் ஒத்துக்கொள்ளவில்லை. அது படமானது 1941இல். வாரியத் தலைவர் டிரல் பிரபு 1937இல் திரையரங்கு உரிமையாளர்களிடம் பேசினார். நாட்டை எரிக்கிற பிரச்சினைகளில் ஒன்றைக்கூடத் தொடுகிற படம் இன்று லண்டனில் ஓடவில்லை, இதற்காக நாம் பெருமைப்படலாம் என்றார். பெருமையாம்! நாட்டை மயக்கத்தில் வைக்க நினைத்தவர்கள் யார் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? இந்த ஆட்கள் வாசலில் நின்று சோதனை போட்ட காலத்தில், ஆலை மூடுவதை முதல் காட்சியாக வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். 1934இல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட் ஏறத்தாழ 90 கோடி. துண்டறிக்கை போட்டு எட்ட முடிகிற கூட்டமா இது?

ஒருத்தி மட்டும் ஜெயித்தாளே என்பது அடுத்த குற்றச்சாட்டு. தலைவர் இரண்டு படங்களைக் கலந்து ஒரே டம்ளரில் ஊற்றிவிட்டார். ஆலைப் பெண் மேடை நட்சத்திரமாகும் கதை 'த ஷோ கோஸ் ஆன்', 1937. நோயாளியான ஓர் இசையமைப்பாளர் அவளுக்குப் பாட்டுத் தருகிறார், அவள் உயர்கிறாள். கிரேசியின் சொந்தக் கதையின் சாயல் அதில் உண்டு. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் படம் கொஞ்சம் இழுவைதான். ஆனால் 'சிங் அஸ் வீ கோ'வில் கிரேஸ் நட்சத்திரமே ஆகவில்லை. அவள் விரும்பிய ஹியூவும் கிடைக்கவில்லை, அவன் வேறு பெண்ணோடு போய்விடுகிறான். அவளுக்குக் கிடைப்பது அதே ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி வேலை. எல்லோரும் ஒன்றாக உள்ளே போகிறார்கள். மயக்க மருந்து தயாரிக்கிறவன் இவ்வளவு கசப்பைக் கலந்தால் வியாபாரம் படுத்துவிடும்.

அந்த ஹியூவாக நடித்த ஜான் லோடர் ஒரு ஜெனரலின் மகன், பெரிய இடத்துப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில் படித்தவர். அன்றைய பிரிட்டிஷ் படங்களில் கதாநாயகி என்றாலும் இந்தப் பெரிய வீட்டு உச்சரிப்புதான். வேலைக்காரியும் போலீஸ்காரரும்தான் ஊர் பாஷை பேசுவார்கள், அதுவும் சிரிப்புக்கு. அந்த வழக்கத்தில் கிரேசி ராச்டேல் பேச்சோடு நடுவில் வந்து நின்றார். லோடர் பக்கத்தில் நின்று பேசினாலும் குரலை ஒரு இம்மிகூடத் திருத்திக்கொள்ளவில்லை. நல்ல சோப்ரானோ குரல், அதாவது உச்ச சுருதிப் பெண் குரல், அவருக்கு. மேல் சுரத்தை அழகாகப் பிடிப்பார், அரங்கம் உருகும்போது திடீரென்று கீச்சென்று குரலை உடைத்துச் சிரிக்க வைத்துவிடுவார். பெரிய இடத்துச் சங்கீதம் எனக்கும் வரும், ஆனால் உன்னை விட்டு எழுந்து போக மாட்டேன் என்பதுபோல. என் கணக்கில் தெம்பு அதுதான்.

கடைசியாகக் காப்ரி, அதாவது நாட்டை விட்டுப் போய்விட்டார் என்ற குற்றச்சாட்டு. இதில் எதிரணிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. 1938இல் அமெரிக்க நிறுவனம் நான்கு படங்களுக்கு 2 லட்சம் பவுண்டு பேசியது. 1940இல் அவர் மணந்த இயக்குநர் மான்டி பேங்க்ஸ் பிறப்பால் இத்தாலியர். இத்தாலி எதிரணியில் போரில் இறங்கியதும், பிரிட்டனில் இருந்தால் பேங்க்ஸைப் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்ற நிலை. இருவரும் அமெரிக்கா, கனடா பக்கம் போனார்கள். பணத்தோடு ஓடிவிட்டார் என்று பத்திரிகைகள் கிழித்தன. அங்கே பாடி பிரிட்டனுக்காக நிதி திரட்டினார், படைவீரர்களுக்குப் பாடப் போனார் என்பதைக் கிழித்தவர்கள் சிறிய எழுத்தில் போட்டார்கள்.

போர் முடிந்தது. 1947இல் பிபிசி வானொலியில் 'கிரேசிஸ் வொர்க்கிங் பார்ட்டி' என்று ஒரு தொடர். உழைக்கும் ஊர்களுக்கு நேரில் போய்ப் பாடுவதுதான் நிகழ்ச்சி. முதல் ஊர் எது? ராச்டேல். எதிரணி சொல்வதுபோல அவர்கள் முப்பதுகளில் மயங்கிக் கிடந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1947இல் எந்த மயக்கம்? பொருளாதார மந்தம், போர், ரேஷன் எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் முன்னால் தேர்தலில் சர்ச்சிலையே வீட்டுக்கு அனுப்பித் தொழிற்கட்சியை உட்கார வைத்தவர்கள். அந்தத் தெளிவான ஆட்கள்தான் கிரேசியைத் திரும்பவும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார், நான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.